நேற்றைய சாறு

"அத்தை, எல்லாரும் உக்காந்துட்டாங்க. உன் நாற்காலி எங்க?"

கமில்லா அதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், புனித ஸ்தேவான் நாள் விருந்து. மேசையைச் சுற்றி எல்லாரும் அமர்ந்தாகிவிட்டது. நிவெஸ் மட்டும் கையில் அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். குழந்தை ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்டது. "உங்க அத்தைக்கு அடுப்புதான் நாற்காலி" என்றான் இவானோ. அவன் குழந்தையின் அப்பா, நிவெஸின் அண்ணன். மேசை முழுக்கச் சிரித்தது. நிவெஸும் சிரித்தாள். குழந்தையின் அம்மா லொரெதானா மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையின் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து, "வாயை மூடிட்டுச் சாப்பிடு" என்றாள். அந்த இழுப்பை நிவெஸ் மறக்கவே இல்லை. குழந்தைக்கு என்மேல் வந்த கரிசனம்கூட இவளுக்குப் பொறுக்கவில்லையே என்று அன்று நினைத்தாள். பிறகு எத்தனையோ ஸ்தேவான் நாள்கள் வந்து போய்விட்டன. கமில்லா வளர்ந்து வெரோனாவில் பள்ளி ஆசிரியையாகிவிட்டாள். அத்தையின் நாற்காலியைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

இந்த வருடம் ஸ்தேவான் நாள் விடிந்தபோது ஜன்னலுக்கு வெளியே முற்றமே இல்லை. போ என்னும் ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனி வயல், வாய்க்கால், பாப்ளர் மரவரிசை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு வீட்டுச் சுவரில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. நிவெஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கால்களைப் பார்த்தாள். கெண்டைக்காலில் நரம்புகள் நீலமாகப் புடைத்திருந்தன. காலுறைத் தொழிற்சாலையில் இரவு முறை முடிந்து வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு நாளில் மாவு பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, இறைச்சிப் பூரணம் வைத்து, நகம் அளவுக்கு மடித்து மடித்து அன்யொலீனி செய்து, மாவு தூவிய துணியில் பரப்பிக் குளிர்ந்த அறையில் வைத்திருந்தாள். நேற்று மதியம் முழுக்க அப்பாவோடு முதியோர் இல்லத்தில். மாலையில் வந்து அடுப்பில் சாறு ஏற்றினாள். விதையடித்த சேவல், மாட்டுத் தொடைக்கறி, எலும்பு, கேரட், வெங்காயம், செலரித் தண்டு. கொதிக்கவிடக் கூடாது, பானை முணுமுணுக்க மட்டுமே வேண்டும். அந்த முணுமுணுப்பைக் கேட்டபடி நாற்காலியிலேயே தூங்கிப்போய், விழித்து, நுரையை எடுத்து, மறுபடி தூங்கி, நடுவில் செபமாலையில் எந்த மணியில் விட்டோம் என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்கினாள்.

அந்த வீட்டில் ஸ்தேவான் நாள் என்றால் சாறுதான். மற்றதெல்லாம் அதன் பின்னால் வருவது. சாப்பாட்டுக்கு உட்காரும் முன் கணப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கிண்ணத்தில் சுடச்சுடச் சாறு வாங்கி, அதில் லம்ப்ருஸ்கோ மதுவைக் கொஞ்சம் ஊற்றி, ஊதா நுரை அடங்குவதற்குள் குடிக்க வேண்டும். அவள் அப்பா ஒரெஸ்தே நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் குடித்தார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். அதைக் குடித்த பிறகுதான் அவர் முகத்தில் பண்டிகை வரும்.

அக்டோபரில் அவரை இல்லத்தில் விட வேண்டியதாயிற்று. நிவெஸ் வேலைக்குப் போன நேரத்தில் மூன்றாம் முறையாக விழுந்துவிட்டார். கன்னியாஸ்திரிகள் நல்லவர்கள். ஆனால் அவர் சாப்பிட மறுத்தார். கரண்டி அருகில் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நேற்று கிறிஸ்துமஸ் மதியம் நிவெஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சியும், வாயில் போனது இரண்டு வாய் உருளைக்கிழங்குக் கூழ். வெளியே வந்ததும் அருள்சகோதரி கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "நாளைக்கு வீட்டுல ஏதாவது சாப்பிட்டாருன்னா நல்லது. இல்லேன்னா அடுத்த வாரம் டாக்டர் குழாய் போடணும்னு சொல்றாரு." கிளம்பும்போது அப்பா வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்:

"நாளைக்குச் சாறு உண்டுல்ல?"

"உண்டுப்பா."

"நின்னுதான் குடிப்பேன்."

"நின்னே குடிங்க."

அதோடு இரவு இவானோவும் தொலைபேசியில் கூப்பிட்டான். கிறிஸ்துமஸ் சாப்பாடு அவன் வீட்டில், நகரத்து அடுக்குமாடியில். "லொரெதானா சாறு வச்சிருந்தா. சாறா அது, பாத்திரம் கழுவின வெந்நி. பாதி பானை அப்படியே கிடக்கு. நாளைக்கு உன் வீட்டுக்கு வந்துதான் நாக்கைச் சுத்தம் பண்ணணும்." பின்னால் லொரெதானா தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அவள் காதில் விழட்டும் என்றுதான் சொல்கிறான் என்பது நிவெஸுக்குத் தெரியும். "சரிண்ணே, வாங்க" என்று மட்டும் சொன்னாள். உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது. பாவம்தான், ஆனால் இனித்தது.

விடிந்ததும் குளிரில் இறுகிக் கிடந்த கொழுப்பை மேலிருந்து பாளம் பாளமாக எடுத்தாள். சேவலையும் கறியையும் தனித்தட்டில் எடுத்து வைத்தாள். பானையைத் திரும்ப இளஞ்சூடாக்கினாள். இனி வடிகட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி. வடிகட்டியைத் தொட்டியில் வைத்தாள். இரண்டு கையிலும் துணி பிடித்துப் பானையைத் தூக்கினாள். கை வலித்தது. இடுப்பைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டு சரித்தாள்.

தினமும் செய்கிற வேலை. தினமும் பாஸ்தா வெந்ததும் வடிகட்டியைத் தொட்டியில் வைப்பதும், பானையைச் சரிப்பதும், தண்ணீர் போக பாஸ்தா நிற்பதும்; நாற்பது வருடமாகக் கை அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறது. இன்றும் கை தானாகவே செய்தது. ஆவி முகத்தில் அடித்தது. வடிகட்டியின் அடியில் பாத்திரம் இல்லை என்பது, கடைசிக் கேரட் துண்டு தொப்பென்று விழுந்தபோதுதான் தெரிந்தது.

வடிகால் ஒருமுறை கொப்பளித்து அடங்கியது. தொட்டியின் அடியில் பொன்வட்டமாகக் கொஞ்சம் எண்ணெய்ப்பசை மின்னியது. வடிகட்டியில் வெந்து குழைந்த வெங்காயமும் வெளுத்த எலும்பும் கிடந்தன. வீடு முழுக்கச் சாற்று வாசனை. பானையில் ஒன்றுமில்லை.

நிவெஸ் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். பானையை இறக்கிவைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு, பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே, அதே எலும்புகளைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். எல்லாம் கொடுத்துத் தீர்ந்துபோன எலும்புகள். இன்று ஒரு கடையும் திறந்திருக்காது. "ஸ்தேவான் அப்பா, உங்களைக் கல்லால அடிச்சாங்க. எனக்கு ஒரு பானை சாறு கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு, இப்படியா ஜெபிப்பது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

வாசலில் கார் சத்தம் கேட்டது. இவானோ இறங்கவில்லை. லொரெதானாவை இறக்கிவிட்டு, பின்சீட்டில் இருந்த கமில்லாவோடு அப்பாவை அழைத்து வர இல்லத்துக்குப் போய்விட்டான். அப்பாவுக்கு உடுத்தி, சக்கர நாற்காலியில் ஏற்றி, இந்தப் பனியில் மெதுவாக ஓட்டி வர எப்படியும் நேரமாகும். லொரெதானா கையில் பாதாம் கேக்கோடு உள்ளே வந்தாள். வழக்கம்போல நேர்த்தியான கோட்டு, கழுத்தில் பட்டுத்துணி. வாசனையை முகர்ந்து, "ஆச்சா?" என்றவள், நிவெஸின் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"என்ன ஆச்சு?"

நிவெஸ் தொட்டியைக் காட்டினாள். லொரெதானா வந்து பார்த்தாள். வடிகட்டியைப் பார்த்தாள், அடுப்பில் வெறுந்தண்ணீரில் மிதந்த எலும்பைப் பார்த்தாள்.

"எல்லாமா?"

"எல்லாம் அண்ணி."

இப்போது வரும் என்று நிவெஸ் காத்திருந்தாள். இத்தனை வருடம் சேர்த்து வைத்தது இப்போது வரும். அவள் இடத்தில் நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தோன்றியது. ஆனால் லொரெதானா கேக்கை மேசைமேல் வைத்துவிட்டு, "கடையில விக்கிற சாறு க்யூப் ஏதாவது இருக்கா?" என்றாள்.

"இந்த வீட்டுலயா?"

"ஆமா, கேட்டேன் பாரு. உங்கம்மா கல்லறையிலேருந்து எழுந்து வந்துடுவாங்க." லொரெதானாவின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியாது. பிறகு கேட்டாள், "மாமா ஏதாவது சாப்பிடறாரா?"

"இல்ல. குழாய் போடணும்னு சொல்றாங்க. இதைத்தான் கேட்டாரு அண்ணி. நின்னு குடிப்பேன்னாரு."

லொரெதானா கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். வெளியே பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

"உன் வண்டிச் சாவி எங்க?"

"எதுக்கு? பனியில நீங்க ஓட்ட மாட்டீங்களே."

"சாவி எங்கன்னு கேட்டேன்."

பல வருடங்களுக்கு முன் இப்படியொரு பனிக்காலையில் லொரெதானாவின் கார் வாய்க்காலில் இறங்கிவிட்டது. டிராக்டர் வைத்து இழுக்கும்வரை கமில்லாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அன்றிலிருந்து பனி விழுந்தால் ஸ்டியரிங்கைத் தொட மாட்டாள். இவானோவுக்கு அது வருடா வருடம் உதவுகிற நகைச்சுவை. இப்போது அவள் சாவியை வாங்கிக்கொண்டு, கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் போனாள். நிவெஸின் பழைய சின்னக் கார் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது. சிவப்பு விளக்குகள் முற்றத்தின் பாதியிலேயே மறைந்துவிட்டன.

நிவெஸ் மேசைத்துணியை விரித்தாள். தட்டு வைத்தாள். கணப்பில் விறகு அடுக்கினாள். காதெல்லாம் சாலையில் இருந்தது. இவளைப் போகவிட்டிருக்கக் கூடாது, ஒரு பானை சாற்றுக்காக ஒரு உயிரை அனுப்பியிருக்கக் கூடாது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கே போயிருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியும். நேற்று இரவு தொலைபேசியில் கேட்டதெல்லாம் அப்படியே காதில் இருந்தது. பாதி பானை அப்படியே கிடக்கு.

கார் திரும்பி வந்தபோது ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். லொரெதானா உடனே இறங்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பதுபோல எடுத்தாள். பக்கத்து இருக்கையில் குளியல் துண்டு சுற்றிய பெரிய அலுமினியப் பானை, இருக்கைப் பட்டி மாட்டி, சின்னப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தது.

"மூடியைக் கயித்தால கட்டியிருக்கேன், பார்த்துத் தூக்கு."

"அண்ணி..."

"நேத்து மிச்சம். நிறைய இருக்கு. உங்கண்ணன் தொடலையே."

அடுப்பில் வைத்துச் சூடேறியதும் நிவெஸ் கரண்டியில் எடுத்து ருசி பார்த்தாள். தெளிவாக, தேன் நிறத்தில் இருந்தது. கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஏதோ ஒன்று மெல்லச் சுட்டது. கிராம்பு. வெங்காயத்தில் ஒரே ஒரு கிராம்பைக் குத்தி வைத்திருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வழக்கம். லொரெதானா அந்தப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருமுறை இந்த அடுப்பில் அவள் சாறு வைத்தாள். நிவெஸின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "பல்வலிக்கு மருந்து வச்சிருக்கா" என்றாள். மறுபடி அவளை யாரும் இந்த அடுப்பில் சாறு வைக்கச் சொல்லவில்லை. நிவெஸும் சொல்லவில்லை.

"நல்லா இருக்கு" என்றாள் நிவெஸ்.

"மாமாகிட்ட வாயைத் திறக்காத. ஆத்துக்கு அந்தப் பக்கத்துச் சாறுன்னு தெரிஞ்சா கிண்ணத்தைத் தள்ளி வச்சிடுவாரு. இன்னிக்கு ஒரு நாளாவது குடிக்கட்டும்." சாற்றை நிவெஸின் பானைக்கு மாற்றி ஊற்றி, லொரெதானா தன் பாத்திரத்தைக் குளிர்ந்த அறையில் மாவு மூட்டைக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்தாள். திரும்பி வந்தபோது கோட்டில் மாவு ஒட்டியிருந்தது. அதை அவள் தட்டவில்லை.

இவானோவும் கமில்லாவும் அப்பாவைக் கணப்பறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அக்டோபரில் தைத்த சட்டை, இப்போது கழுத்தைச் சுற்றி இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது. கமில்லா குனிந்து கம்பளியைச் சரிசெய்தாள். "தாத்தா, உக்காந்தே குடிங்க, சக்கரத்தைக் கணப்புப் பக்கம் திருப்பி வைக்கறேன்."

"நான் என்ன பொம்பளைங்க மாதிரி உக்காந்து குடிக்கறவனா?"

"பொம்பளைங்க எங்க தாத்தா உக்காந்தாங்க?" என்றாள் கமில்லா. கிழவர் அதைக் காதில் வாங்கவில்லை.

ஒரு பக்கம் நிவெஸ், மறுபக்கம் லொரெதானா. இருவரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். நனைந்த கம்பளிக் கோட்டு அளவுக்குத்தான் கனம். முதுகு கணப்பின் பக்கம், முகம் எல்லாரையும் பார்த்து. இவானோ கிண்ணத்தில் சாறு ஊற்றி, லம்ப்ருஸ்கோவைச் சரித்தான். ஊதா நுரை எழுந்தது. கிண்ணத்தைத் தானே பிடிப்பேன் என்றார். கமில்லா தாங்கிக்கொண்டாள். வாயில் வைத்தார்.

கணப்பில் விறகு ஒன்று வெடித்தது. நிவெஸ் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை ஏறி இறங்கியது. நின்றது. அவர் கண்களை மூடினார். போச்சு, கிராம்பு தெரிந்துவிட்டது என்று நினைத்தாள். தொண்டை மறுபடி ஏறி இறங்கியது. மறுபடியும். கிண்ணத்தை முழுக்கச் சாய்த்துக் குடித்துவிட்டு, மீசையில் ஊதாக் கோடோடு அவர் சொன்னார்:

"நிவெஸு, இந்த வருஷம்தான் சரியா வந்திருக்கு."

"என்னப்பா?"

"இத்தனை வருஷம் வச்ச. சாறு நல்லாத்தான் இருக்கும். ஆனா இது... கல்யாணம் ஆன புதுசுல உங்கம்மா இப்படித்தான் வப்பா. அப்புறம் என்னமோ மாத்திட்டா."

இவானோ தன் கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேசைமேல் டக்கென்று வைத்தான். "சாறுன்னா இது! பார்த்தியா லொரெதானா? பக்கத்துல நின்னு கத்துக்கோ. நேத்து நீ வச்சதுக்கும் இதுக்கும் ஆறே ஓடுது நடுவுல."

நிவெஸுக்கு முகம் தீயாகச் சுட்டது. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அவள் கையும் லொரெதானாவின் கையும் தொட்டுக்கொண்டிருந்தன. அவள் வாயைத் திறந்தாள். லொரெதானாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தன. வலிக்கும் அளவுக்கு.

"சீஸ் துருவணும்" என்றாள் லொரெதானா. "மாமாவை உக்கார வைங்க. அன்யொலீனி போடலாம்."

கொதிக்கிற சாற்றில் நிவெஸ் செய்த பொட்டலங்கள் விழுந்து, மூழ்கி, மேலே வந்தன. கிழவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யாரும் ஊட்டவில்லை. கமில்லா கண்ணைத் துடைத்துக்கொள்வதை இவானோ பார்த்துவிட்டு, சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டான். அப்பா இரண்டாம் தட்டு கேட்டார். நிவெஸ் அகப்பையை எடுக்கப்போனாள். மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

லொரெதானா அகப்பையை அவள் கையிலிருந்து வாங்கினாள். தன் நாற்காலியைக் காலால் நகர்த்தினாள். கதவோரம், குளிர்காற்று அடிக்கிற கோடி. மருமகளாக வந்த முதல் வருடம் கொடுத்த இடம், இன்றுவரை அதேதான். "உக்காரு" என்றாள். நிவெஸ் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் கணப்பு தெரியவே இல்லை, எல்லாருடைய முதுகும்தான் தெரிந்தது என்பதை அவள் அன்றுதான் அறிந்தாள். முதுகில் கதவிடுக்குக் காற்று ஊசியாகக் குத்தியது.

பிறகு வெந்த கறி வந்தது, கடுகுக் காரமேறிய பழப்பாகு வந்தது, மொறுமொறுப்பான பாதாம் கேக்கைக் கையால் உடைத்தார்கள். இவானோ மேசைமேலேயே தலை சாய்ந்து தூங்கினான். அப்பா சக்கர நாற்காலியில் வாய் திறந்து தூங்கினார். கமில்லா அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் இரண்டு பெண்கள்.

"அண்ணி, நான் அண்ணன்கிட்ட சொல்லிடறேன். எனக்கு நெஞ்சுல நிக்குது."

"சொல்லி? அவருக்கு இனிமே ஒவ்வொரு சாறு மேலயும் சந்தேகம் வரும். விடு." லொரெதானா தட்டைக் கழுவியபடியே சொன்னாள். "முப்பது வருஷத்துல எனக்கு இன்னிக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்கிக்கிட்டு நின்னேன் பாரு, அதுதான் கஷ்டம்."

நிவெஸுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. "கமில்லா சின்னப் பிள்ளையில என் நாற்காலி எங்கன்னு கேட்டா. நீங்க அவ கையை இழுத்தீங்க."

லொரெதானாவின் கை நின்றது. "நீ அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா?" தட்டைத் தொட்டியில் வைத்தாள். "அவ கேட்டதும் உன் முகத்தைப் பார்த்தேன். எல்லார் முன்னாடியும் நீ அழுதுடுவியோன்னு பயந்துட்டேன். எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியல. புதுசா வந்தவ மாதிரியேதான் இருந்தேன் அப்பவும்."

நிவெஸ் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தன் முகம் அன்று எப்படி இருந்தது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"உங்க அம்மா சாறா இது?"

"அம்மா கையளவுதான். வேற எனக்கு என்ன தெரியும்?" லொரெதானா ஜன்னலைப் பார்த்தாள். "ஒவ்வொரு ஸ்தேவான் நாளும் அவ தனியா உக்காந்து சாப்பிட்டா. நான் இங்க. ஒரு வருஷம் கேட்டுப் பார்த்தேன், காலையில ஒரு மணி நேரம் போயிட்டு வந்துடறேன்னு. உங்கண்ணன், எங்க வீட்டு நாள் இதுன்னாரு. சரின்னுட்டேன். இன்னிக்குக் கல்லறைக்காவது போலாம்னு நினைச்சேன். நவம்பர்ல புதைச்சதுக்கு அப்புறம் போகவே இல்ல. பாலத்துல பனின்னா அவரு வண்டி எடுக்க மாட்டாரு. சரி, வசந்தத்துல பார்த்துக்கலாம்."

அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. நாளைக்குக் குப்பை வண்டி வராது என்று சொல்வதுபோலச் சொன்னாள். கைகளைத் துடைத்துக்கொண்டு போய், அப்பாவுக்குக் கோட்டு மாட்டினாள்.

இல்லத்துக்கு ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும். காரில் ஏற்றும்போது அப்பா நிவெஸின் கன்னத்தைத் தட்டி, "இதே மாதிரி வை இனிமே" என்றார். "சரிப்பா" என்றாள். லொரெதானா முன் இருக்கையில் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பானையைக் கேட்கவில்லை. இவானோ பார்த்துவிடுவானே.

நிவெஸ் வீட்டுக்குள் வந்தாள். மேசைமேல் கறைபட்ட துணி, கண்ணாடிகள், எலும்புத் தட்டு, இன்னும் கழுவாத பாத்திரங்களின் ஒரு மலை. உடம்பு கட்டிலைக் கேட்டது. ஒரு நாளும் பாத்திரத்தைப் போட்டுவிட்டு அவள் வீட்டைவிட்டுப் போனதில்லை. இழுப்பறையிலிருந்து சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகு வைத்த கல்லறை விளக்கு ஒன்றை எடுத்தாள். தன் அம்மாவின் கல்லறைக்காக வாங்கி வைத்தது. தீப்பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு காரை எடுத்தாள். பக்கத்து இருக்கையில் இன்னும் பானையின் ஈரத்தடம் இருந்தது.

பாலத்தின்மேல் ஆறே தெரியவில்லை. வெள்ளைக்கு நடுவில் வெள்ளை. சாலையோரக் கோட்டைப் பார்த்தபடி ஊர்ந்தாள். லொரெதானா இன்று காலை போக ஒருமுறை, வர ஒருமுறை இப்படித்தான் ஓட்டினாள், அதுவும் அந்த வாய்க்காலின் நினைவோடு என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கரைக் கல்லறைத் தோட்டத்தின் கதவு இன்னும் திறந்திருந்தது. உள்ளே ஒரு ஆளும் இல்லை. மெழுகு விளக்குகள் அங்கங்கே சிவப்பாகத் தொங்குவதுபோல் இருந்தன. தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மண் இன்னும் படியாத மேடு, கல் வைக்கவில்லை, மரச்சிலுவையில் ஆல்பா என்று அண்ணியின் அம்மா பெயர், நீள்வட்டக் கண்ணாடிக்குள் ஒரு படம். லொரெதானாவின் அதே வாய். சிரிக்காமல் இருக்கத் தெரிந்த வாய். காற்றில் அணைந்துபோன விளக்கு ஒன்று, அடக்கத்தன்று வைத்த பூவளையம் அழுகிக் கருத்து, மேலெல்லாம் ஈர இலைகள்.

நிவெஸ் கையுறையைக் கழற்றினாள். இலைகளைக் கையால் அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டாள். பூவளையத்தின் கம்பியை எடுத்தாள். படத்தின் கண்ணாடியைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். தீக்குச்சி நமத்துப்போயிருந்தது, முதல் குச்சி பிடிக்கவில்லை, அடுத்ததும் பிடிக்கவில்லை. கோட்டை விரித்துக் காற்றை மறைத்துக்கொண்டு குனிந்தாள். மூன்றாவது பிடித்தது. சிவப்புக் கண்ணாடிக்குள் சுடர் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது.

"எங்கப்பா குடிச்சாருங்க" என்றாள். "ரெண்டு தட்டு சாப்பிட்டாரு."

'அருள்நிறைந்த மரியே' ஜெபத்தை ஒருமுறை சொன்னாள். கிளம்பத் திரும்பியவள், நின்றாள். பக்கத்துக் கல்லறையின் தாழ்ந்த சலவைக்கல் விளிம்பு ஈரமாக இருந்தது. அதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, வலித்த கால்களை மெல்ல நீட்டி, ஆல்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கதவைச் சாத்தப்போகிறோம் என்று தோட்டத்து மணி அடித்தது. அவள் உடனே எழுந்துவிடவில்லை. பனிக்குள் அந்தச் சுடரைச் சுற்றி, ஒரு கிண்ணம் அளவுக்கு வெளிச்சம் இருந்தது.